மேல என்றால் எங்கே?

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் என் தம்பி பாண்டி பனியனோடு உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் மக்காச்சோளப் பூவின் தூசி மஞ்சளாக ஒட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. ராத்திரி முழுக்க வயலில் காவல் இருந்தவனை, விடிந்தும் விடியாமல் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

“யக்கா, மணி என்ன ஆச்சு? பொழுது சாயறதுக்குள்ள நான் வயலுக்குப் போயிரணும்.”

இந்தத் தொடரில் இதுவரை நான் கோபப்படாமல்தான் எழுதி வந்திருக்கிறேன். “டீச்சர் எழுதுவது இதமாக இருக்கிறது” என்று வாசகர்கள் சொல்கிறார்கள். இந்த வாரம் அந்த இதம் கிடைக்காது. நடந்து சில வருஷமாகிவிட்டது. ஆனாலும் இப்போது எழுத உட்கார்ந்தாலும் அந்தக் கோபம் ஆறவில்லை.

தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பாண்டிக்குக் கொஞ்சம் நிலம். அந்த வருஷம் மக்காச்சோளம் போட்டிருந்தான். கதிர் பால் பிடித்திருந்த நேரம். பால் கதிரின் வாசனை யானைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரிந்துவிடும். மூன்று யானைகள் ஒரு வாரமாக மலைச்சரிவில் நின்றுகொண்டு, எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தன. பாண்டியின் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள். பக்கத்து வயல்காரர்களுக்கு அவரவர் வயலைக் காப்பதே பெரும்பாடு. பாண்டி இல்லையென்றால் அந்த வயலுக்கு ஆள் இல்லை.

அவனிடம் இருந்த ஆயுதம் ஒரு கவண். நைலான் கயிற்றில் அவனே பின்னியது. அதை யானைமீது எறிய மாட்டான். யானை இறங்கும் தடத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அந்தப் பாறையில் கல்லை அடித்தால் ‘டொர்’ என்று சத்தம் கேட்கும். யானை நின்று யோசித்துவிட்டுத் திரும்பிவிடும். இதுதான் அவன் செய்த குற்றம்.

ட்ரோன் விழுந்த கதை

அந்தச் சரிவில் நிலம் வாங்கி, சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்திருந்தது. நிலத்தை அளக்க ட்ரோன் பறக்கவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் அந்த ட்ரோன் பாண்டியின் வயலுக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கிப்போனது. அதே நேரத்தில் பாண்டி கவண் சுற்றிக்கொண்டிருந்ததைக் கம்பெனி ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். கல்லடித்து வீழ்த்திவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டார்கள்.

“அது ரீங்காரம் போட்டுக்கிட்டே சரிவுல சுத்துச்சுக்கா. அந்தச் சத்தத்துலதான் ஆனை மெரண்டு கீழ எறங்குச்சு. நான் வெரசா ஓடிப்போயி பாறையில நாலு அடி அடிச்சேன். ட்ரோனை நான் அண்ணாந்துகூடப் பாக்கல” என்றான் பாண்டி.

எனக்குப் புரிந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் புரியும் என்று நினைத்து அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். வேறு மாவட்டத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். “உக்காருங்க டீச்சர். உங்க தம்பியே ஒத்துக்கிட்டாரு. வாக்குமூலம் எழுதியாச்சு” என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

“மேற்படி ட்ரோன் பறந்துகொண்டிருந்த நேரத்தில் நான் எனது கவணால் மேலே கல் எறிந்தேன்” என்று எழுதியிருந்தது. கீழே பாண்டியின் கையெழுத்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டியைத் திரும்பிப் பார்த்து, “நீ என்னடா சொன்ன?” என்று கேட்டேன்.

“மேல அடிச்சேன்னு சொன்னேன்.”

எங்கள் ஊரில் ‘மேல’

போடி, தேவாரம் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ‘மேல’ என்றால் மலை. மேற்கும் அதுதான். கேரளத்து ஏலத்தோட்டங்களும் அதுதான். விடியற்காலையில் போடிமெட்டு வளைவுகளில் பெண்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்து “எங்கே போறீக?” என்று கேட்டால், “மேல போறோம்” என்பார்கள். வானத்துக்கு யாரும் ஜீப்பில் போவதில்லை.

எங்கள் பள்ளிக்கு வெளியூரிலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஒரு மாணவியிடம், “அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேனே, எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண், “அம்மா மேல போயிருச்சு டீச்சர்” என்றிருக்கிறாள். டீச்சர் கண் கலங்கி, அவளைக் கட்டிக்கொண்டு, தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டார். ஏலக்காய் பறிக்கப் போன அம்மா சனிக்கிழமை திரும்பி வந்து, மறு வாரம் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது அந்த டீச்சருக்கு மூச்சே நின்றுவிட்டது. அதை வைத்து ஒரு வருஷம் அவரைக் கேலி செய்து தீர்த்தோம்.

அதே சொல் ஒருவனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

மலைப்பக்கத்துப் பாறையில் அடித்ததைத்தான் பாண்டி ‘மேல’ என்றான் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு டீச்சர். ஆனா மேலேன்னா மேலேதானே?” என்று விரலைக் கூரையைப் பார்த்து நீட்டினார்.

அவர் ஊரிலும் ஒரு மேலத்தெரு இருந்திருக்கும். அது ஆகாயத்திலா இருக்கிறது? அப்படிக் கேட்க வாய் வரை வந்தது. தம்பி பெஞ்சில் இருக்கிறானே என்று விழுங்கிவிட்டேன்.

கதவருகே நின்றிருந்த பெண் போலீஸ் எங்கள் பக்கத்துக் கோம்பைக்காரப் பெண். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தாள். “எனக்கு வெளங்குது டீச்சர். எங்க வீட்லயும் அப்படித்தான் பேசுவோம். நான் சொன்னா எடுபடாது” என்று மெல்லிய குரலில் சொன்னாள். அந்த ஸ்டேஷனிலேயே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே அதிகாரி, அர்த்தம் சொல்லும் அதிகாரம் இல்லாதவள்.

முறத்தில் எழும்பிய காய்

இயற்பியல் டீச்சராக எத்தனையோ வருஷம் இருந்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் எறிபொருள் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள்: “இதெல்லாம் எதுக்கு மிஸ்? எறிஞ்ச கல்லு எம்புட்டு உயரம் போனா நமக்கென்ன?”

எனக்கு அந்தப் பாடம் புத்தகத்தில் தொடங்கவில்லை. என் அம்மா போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் புடைக்கும் வேலை பார்த்தார். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து முறத்தைத் தட்டுவார்கள். பச்சைக் காய்கள் கூட்டமாக எழும்பும். எழும்பியது உச்சியில் ஒரு கணம் சும்மா நிற்கும். பிறகுதான் முறத்துக்கு வரும். தூசி மட்டும் காற்றோடு போய்விடும். அம்மாவின் சேலையில், தலையணையில், எங்கள் சோற்றில்கூட அந்த வாசனை இருந்தது. எனக்கு அது பிடிக்காது. இப்போதும் ஏலக்காய் போட்ட டீயை நான் குடிப்பதில்லை. அந்த ஒரு கணம் நிற்பது மட்டும் அப்போதே மனசில் பதிந்துவிட்டது.

மேலே எறிந்த எதுவும் வேகம் குறைந்து குறைந்து உச்சியில் நிற்கும். ஏறிய நேரம்தான் இறங்கும் நேரமும். ஆகவே எறிபொருளின் அதிகபட்ச உயரம் தெரிய வேண்டுமென்றால் ஏணி வேண்டாம். அது கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து தரையைத் தொடுகிற வரை எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும். அதில் பாதியை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் மீட்டரில் உயரம் வந்துவிடும். கல்லைச் சாய்த்து எறிந்தாலும் இதே கணக்குதான். தூரம் கூடும், குறையும். உயரத்தைச் சொல்வது நேரம்தான். காற்று கொஞ்சம் முன்னே பின்னே ஆக்கும், அவ்வளவே.

நான் மறுபடி சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். “சரி சார். என் தம்பி வானத்தைப் பார்த்துத்தான் எறிந்தான் என்றே வைத்துக்கொள்வோம். ட்ரோன் எவ்வளவு உயரத்தில் பறந்தது?”

கம்பெனி மேனேஜர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து பார்த்து, “நூத்திப் பத்து மீட்டர் மேடம். எல்லாம் ரெக்கார்டு ஆகியிருக்கு” என்றார், பெருமையாக.

“இவன் கவண் கல் அதில் பாதி உயரம் போகாது. உங்கள் கண் முன்னாலேயே காட்டுகிறேன்.”

மேனேஜர் சிரித்தார். “கணக்கெல்லாம் கிளாஸ்ல சரி மேடம். இது போலீஸ் கேஸ்.”

கிளாஸில் சரியாக இருக்கும் கணக்கு ஸ்டேஷனில் தப்பாகிவிடுமா? புவியீர்ப்பு ஆள் பார்த்தா இழுக்கிறது? இந்த முறை விழுங்கவில்லை, அப்படியே கேட்டுவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கண்மாய்க்குள்

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கண்மாய், பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. எல்லோரும் கரையில் ஏறி நின்றோம். பாண்டியை மட்டும் உள்ளே இறக்கினார்கள். சாட்சிப் பொருள் என்று காகிதம் ஒட்டி வைத்திருந்த கவணை அவன் கையில் கொடுத்தார்கள்.

“உன் பலம் முழுக்கக் காட்டு. ஏமாத்தக் கூடாது” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“நேரா மேல… ஆகாசத்துக்கு எறிஞ்சு பழக்கமில்லீங்க சார்” என்றான் பாண்டி. அன்றைக்கு அவன் ‘மேல’ என்று சொல்லிவிட்டுப் பயந்து, ‘ஆகாசம்’ என்று மாற்றியதை நான் கவனித்தேன். பிறந்த ஊர்ப் பேச்சைப் பேசப் பயப்பட வேண்டியதாகிவிட்டது ஒருவனுக்கு.

கயிறு ‘விர்’ரென்று சுற்றியது. முதல் கல் கரையோரக் கருவேலத்துக்குள் போய் விழுந்தது. இரண்டாவது நன்றாக எழும்பியது. பெண் போலீஸ் போனில் நேரம் பார்த்தாள். ஐந்து விநாடிக்குச் சற்று மேல். மேனேஜர், “வேணும்னே மெதுவா எறியறான்” என்றார். பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. பனியனைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, அடுத்த கல்லைப் பற்களைக் கடித்துக்கொண்டு விட்டான். அது சிறுத்துச் சிறுத்து, கண்ணுக்குத் தப்பி, பிறகு தொப்பென்று மண்ணில் விழுந்து புழுதி கிளப்பியது.

“ஆறு விநாடி சார்” என்றாள் பெண் போலீஸ். அவள் குரலில் ஒரு குதூகலம் இருந்தது.

“ஆறில் பாதி மூன்று. மும்மூன்று ஒன்பது. ஒன்பதை ஐந்தால் பெருக்கினால் நாற்பத்தைந்து மீட்டர்” என்றேன். அதற்குப் பிறகு அவன் எறிந்த எதுவும் ஆறைத் தொடவில்லை.

மேனேஜர் விடவில்லை. ட்ரோன் கிளம்பியது கீழே ரோட்டிலிருந்து, வயல் அதைவிட மேட்டில் இருக்கிறது, அதனால் வயலிலிருந்து பார்த்தால் உயரம் குறைவு என்றார். அது நியாயமான கேள்விதான். என் மாணவி யாராவது கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். “மேடு எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டேன். அவருடைய ரெக்கார்டையே பார்த்து, முப்பது மீட்டர் என்றார். “நூற்றுப் பத்தில் முப்பது போனால் எண்பது. கல் நின்று திரும்பிய இடத்துக்கும் ட்ரோனுக்கும் நடுவில் பத்து மாடிக் கட்டடம் கட்டலாம்” என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நெருங்கியவர் மாதிரி சொன்னார்: “எனக்கும் தெரியும் மேடம். பேட்டரி தீர்ந்துபோய் விழுந்திருக்கும். ஆனா மேல நான் பதில் சொல்லணுமில்ல? ஒரு பேருக்குத்தான் புகார் கொடுத்தேன். கேஸெல்லாம் நிக்காது. தம்பி தப்பா எடுத்துக்க வேணாம்.”

இவருக்கும் ஒரு ‘மேல’ இருந்தது. அது எங்கள் மலையும் இல்லை, வானமும் இல்லை, ஏதோ ஊரில் இருக்கிற ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸில் தன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக, ராத்திரி கண்விழித்துப் பயிரைக் காத்தவனை விடியற்காலையில் செருப்புகூடப் போடவிடாமல் பிடித்துவர வைத்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்துவிட்டு, அதை என்னிடம் ஆறுதலாகச் சொல்கிறார்.

“இதை அப்படியே சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முணுமுணுப்பாகத்தான் சொன்னார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

“ஐயா வரணும்”

முடிந்தது என்று நினைத்தேன். பாண்டி சட்டை கேட்டான். பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

“கொஞ்சம் இருங்க டீச்சர். ஐயா வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஐயா என்பது இன்ஸ்பெக்டர். ஏதோ பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்.

புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட நிமிஷமே காரில் போகலாம். புகாருக்கு ஆளானவன் கையெழுத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிக்கும்போது எந்த ஐயாவுக்கும் காத்திருக்கவில்லை. விடுவதற்கு மட்டும் ஐயா வேண்டும். “சார், சாயங்காலம் யானை இறங்கும். இவன் வயலில் இருக்க வேண்டும்” என்று நான் சொன்னது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. “புரியுது டீச்சர், புரியுது” என்றார் ஒவ்வொரு முறையும்.

வனத்துறைக்குப் போன் போட்டுப் பார்த்தேன். வண்டி வேறு ஊர்ப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்து வயல்காரருக்குப் பாண்டி போன் போட்டான். “எப்பு, என் பக்கமும் கொஞ்சம் பாத்துக்கங்க” என்றான். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “சரிதான், உங்க சோலியே உங்களுக்குப் பெருசு” என்று வைத்துவிட்டான்.

பெண் போலீஸ் வாங்கி வந்து கொடுத்த பரோட்டாவை அவன் தொடவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியது. மலையின் நிழல் கண்மாயைத் தாண்டி ஸ்டேஷன் சுவருக்கு வந்தபோது ஐயா வந்தார். காகிதத்தைப் படிக்கவே இல்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“என் கவணு?” என்றான் பாண்டி.

“அது சாட்சிப் பொருள்னு எழுதியாச்சுப்பா. நாளைக்கு வந்து மனு கொடுத்து வாங்கிக்க” என்றார் ரைட்டர்.

நான் கத்திவிட்டேன். வாழ்க்கையில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்குள் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். “புகாரே இல்லையென்று ஆன பிறகு எதற்கு அது சாட்சி?” என்று கேட்டேன். ரைட்டர் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பாண்டி என் கையைப் பிடித்து இழுத்தான். “வாக்கா. பொழுது போகுது.”

வயல்

ஆட்டோ மண் பாதையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓடினோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். வயலுக்குப் பல வரப்பு முன்பே எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. நசுங்கிய பால் கதிரின் இனிப்பு வாசனை. சாதாரணமாக அது அவ்வளவு தூரம் வராது.

மூன்றும் வயலுக்குள் நின்றன. மங்கிய வெளிச்சத்தில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. சோளத்தட்டையைப் பிடுங்கும் சத்தமும் மெல்லும் சத்தமும், யாரோ நிதானமாகச் சாப்பிடுவதுபோல் கேட்டன. மேற்குப் பாதி ஏற்கெனவே தரையோடு தரையாகக் கிடந்தது. கிழக்குப் பாதி இன்னும் நின்றிருந்தது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அந்த மேற்குப் பாதியையும் காப்பாற்றியிருப்பான். யானைமீது எனக்குக் கோபம் வரவில்லை. அது பசிக்குத் தின்றது.

பாண்டியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

குனிந்து ஒரு கல்லை எடுத்தான். பாறையைக் குறிபார்த்துக் கையாலேயே வீசினான். கல் எழும்பியது, நின்றது, பாறைக்குப் பாதி வழியிலேயே சத்தமில்லாமல் சோளத்துக்குள் விழுந்தது. ஒரு யானைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் அடுத்த கல்லுக்குக் குனிந்தான். நானும் குனிந்து தேட ஆரம்பித்தேன்.